உப்புக் கணக்கு

பகலில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்
செத்த கடலொன்றை வெட்டுகிறேன்.
பொட்டாஷ் என்று பெயர். இளஞ்சிவப்பு நிறம்.
சஸ்கட்டூன் கோதுமை வயல்களுக்கு அடியில்
எத்தனையோ கோடி ஆண்டுக்கு முன்
வற்றிப்போனது அது.

இரவில் வீட்டு நிலவறையில்
வாளியில் உப்பைக் கொட்டிக் கலக்கி
ஒன்றை உயிரோடு வைத்திருக்கப் பார்க்கிறேன்.
எண்பது காலன்.
கண்ணால் பார்க்கிற கடல் வேண்டுமென்றால்
இங்கிருந்து இரண்டு நாள் கார் ஓட்ட வேண்டும்.

முதல் ஆறு வாரம் கல்லும் தண்ணீரும்தான்.
வெறும் தண்ணீருக்கா இத்தனை விளக்கு
என்று கேட்டாள் ஹாலியா.
பழுப்புப் பாசி வந்தது, சுக்குப்பொடி தூவினாற்போல.
அது போனதும் பச்சை முடி.
பல்துலக்கும் பிரஷால் கல் கல்லாகத் தேய்த்தேன்.
என் பழைய பிரஷ் என்றுதான் நினைத்தேன்.
இல்லை.
அதற்கு இரண்டு நாள் மௌனம்.

கல் ஒன்றுக்குள் யாரோ குடியிருந்தார்கள்.
நள்ளிரவில் டக். கொஞ்சம் பொறுத்து, டக்.
காலையில் நத்தை ஓடு இரண்டாகக் கிடக்கும்.
மூன்று வாரம் சிவப்பு டார்ச்சோடு காத்திருந்து
பிடித்தேன்: மேன்டிஸ் இறால்.
சுண்டுவிரல் நீளம்.
என் கல்யாணத்தில் நான் உடுத்தியதைவிட
நன்றாக உடுத்தியிருந்தது.
கொல்ல மனம் வரவில்லை.
அலமாரியில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்துத்
தனிக்குடித்தனம் அனுப்பினேன்.

இரண்டாம் ஆண்டு
சுத்தியல் பவளத்தின் ஒரு தலை
இரண்டு தலையானது.
ஷிஃப்ட் முடிந்து பூட்ஸ் கழற்றாமல்
கீழே ஓடி எண்ணுவேன்.
இரண்டுதான். மறுநாளும் இரண்டுதான்.
அப்புறம் ஐந்து. அப்புறம் பதினொன்று.

ஒரு கிளையை ஒடித்து டார்லா ஃப்ரீசனுக்குக் கொடுத்தேன்.
பல் மருத்துவமனையில் வேலை அவளுக்கு.
என் கடைவாய்ப்பல்லைச் சுரண்டிக்கொண்டே
காரத்தன்மை எவ்வளவில் வைக்கிறீர்கள் என்று கேட்டாள்.
வாய் திறந்தபடி
எட்டு விரல் காட்டினேன்,
ஒன்பதாவதைப் பாதி மடக்கி.

ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்து நாலு.
ஹீட்டருக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டு
அணைய மறந்துவிட்டது.
நான் வந்து பார்த்தபோது
உள்ளே அதே முப்பத்து நாலு, மைனஸ் இல்லாமல்.

பவளங்கள் சதை கழன்று மிதந்தன.
மஞ்சள் டாங் மூலையில் ஒட்டிக் கிடந்தது,
பிழிந்த எலுமிச்சைத் தோல் போல.
நாற்றம் மாடிவரை.
ஹாலியா ஒன்றும் சொல்லவில்லை.
வாளியைக் கொண்டுவந்து பிடித்தாள்.
அலமாரித் தொட்டியில் இருந்த கொலைகாரன் மட்டும்
டக் என்றான்.

செலவைக் கூட்டத் தொடங்கி
பாதியில் காகிதத்தைக் கசக்கினேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இவை ஒருநாளும் என்னை நினைத்ததில்லை.
கையை விட்டால் கொட்டும்.
இட்டவன்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்,
சுரங்கத்தின் இளஞ்சிவப்புச் சுவரில்
தலைவிளக்கு விழும்போதெல்லாம்.
இவ்வளவு பெரியதே வற்றியிருக்கிறது
என்று ஆறுதல்கூடச் சொல்லிப் பார்த்தேன்.
எடுபடவில்லை.

மார்ச்சில் டார்லா வந்தாள்.
பனிக்கோட்டுக்குள், வயிற்றோடு அணைத்து
ஒரு ஐஸ் பெட்டி.
ஐஸ் இல்லை, வெந்நீர்ப் பை.
நடுவில் ஒரு கிளை, மூன்று தலை.
உங்களுடையதுதான், என்றாள்.
அப்புறம்: ஃப்ளாஸ் செய்கிறீர்களா இல்லையா?

ஹீட்டர் இப்போது இரண்டு.
ஒன்று மறந்தால் இன்னொன்றும் மறக்கலாம்,
அது எனக்குத் தெரியும்.

கிளை இரண்டு நாள் மூடியே கிடந்தது.
மூன்றாம் நாள்
பூட்ஸோடு இறங்கினேன்.
படியில் ஹாலியா உட்கார்ந்திருந்தாள்,
வேலைக்குப் போகாமல், குளிர்கோட்டோடு.
பேசாதே என்று சைகை காட்டி
ஒரு விரலை நிமிர்த்தினாள்.
தொட்டியை இன்னொருமுறை உற்றுப் பார்த்துவிட்டு
இரண்டாவதைப் பாதி.